எதிர் வாசலில் கொட்டிய கஷாயச் சக்கை

என் வீட்டுக்காரர் லியாங்ஃபுவுக்கு வாய் நீளம். சீனாவின் செங்டு நகரத்தில் எங்கள் நூடுல்ஸ் கடை வாசலில் அவரே ஒரு பலகை எழுதி மாட்டியிருக்கிறார்: 'எங்கள் மிளகாய் எண்ணெயால் முப்பது வருடமாக ஒரு வயிறும் வலித்ததில்லை.' அந்த எண்ணெயைத் தினமும் ருசி பார்த்துப் பார்த்துப் போன மாதம் அவர் வயிறே சுருண்டுவிட்டது.

தெங் வைத்தியர் இரண்டு கையிலும் நாடி பிடித்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அதைப் பார்த்து அவர் முகம் சுளித்ததில் எனக்கே வெட்கமாகிவிட்டது. காய்ந்த ஆரஞ்சுத் தோல், முளைகட்டிய பார்லி, அதிமதுரம், வேப்பங்காயைத் தோற்கடிக்கும் ஒரு கசப்பு வேர் எல்லாம் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

"மூணு வாரம் மிளகாயே கூடாது. மீறினா ரத்த வாந்திதான்."

விஷயம் வெளியே தெரிந்தால் பலகையோடு கடையும் போய்விடும். மண்சட்டியில் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். சண்டை வந்தது சக்கையால்தான். அதைத் தெருவில் கொட்டவேண்டும். போகிறவர் வருகிறவர் மிதித்தால் நோய் அவர்கள் காலோடு போய்விடும். எங்கள் தெருவில் இது தெரியாத ஆள் கிடையாது.

"நம்ம வாசல்ல கொட்டினா என் மானம் போயிடும்டி."

"கொட்டலேன்னா நோவு போகாதுய்யா. மானம் வேணுமா, வயிறு வேணுமா?"

இரண்டும் வேண்டும் என்று அந்த அதிமேதாவி விடியற்காலையில் எதிர்க் கடை வாசலில் கொட்டிவிட்டு வந்தார். அது யுன்ஷியா அக்காவின் கொழுக்கட்டைக் கடை. அக்கா அதற்கு முன் இருபது வருடம் மருந்துக்கடையில் மூலிகை நிறுத்துக் கொடுத்தவள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

மத்தியானம், கடை நிறையக் கூட்டம். அக்கா சக்கையை முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

"எவன் இதை என் வாசல்ல கொட்டினது? வயித்து மருந்து! பாக்கறவன் என் கொழுக்கட்டையத் தின்னு வந்த நோவுன்னுதானே நெனப்பான்?" ஒரு துண்டு வேரை எடுத்து முகர்ந்தாள். "கசப்பு வேர் இம்புட்டு போட்டிருக்கு. மிளகாயில வயிறு வெந்தவனுக்குத்தான் இப்படிப் போடுவாங்க." அவள் கண் என் வீட்டுக்காரரிடம் போய் நின்றது. "தம்பி, நீ இல்லேல்ல? அப்ப உன் நூடுல்ஸ எங்க முன்னால ஒரு கிண்ணம் தின்னு காட்டு."

மனிதர் கிண்ணத்தை நிரப்பினார். சிவப்பு எண்ணெயை இரண்டு கரண்டி ஊற்றினார். எனக்குத் தெரியாதா அவரை? செத்தாலும் சாவாரே தவிர அந்தப் பலகையைக் கழற்ற மாட்டார். நூடுல்ஸ் எடுத்த குச்சி வாய்க்குப் போகும்போது கிண்ணத்தைப் பிடுங்கிவிட்டேன்.

"அவரு மருந்துதான்க்கா! விட்டுடுங்க, மனுஷன் செத்துப்போயிடுவாரு!"

காட்டிக் கொடுத்தவளைப் பார்ப்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பன்னிரண்டு வருடமாக எங்களிடம் சாப்பிடும் டாக்சிக்கார ஹான்தான் முதலில் பேசினார். "பலகையில பொய் இல்லியே. தின்ன எங்க வயிறு நல்லாத்தானே இருக்கு? ஆக்கினவன் வயிறுதானே வலிச்சுது!"

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. வெளியே போய் முறத்தை எங்கள் வாசலில் கவிழ்த்தாள். "யாரு நோவோ அவன் வாசல்லயே கெடக்கட்டும்."

அறியாமல் மிதிப்பவர்கள் உண்டு. தெரிந்தே அடுத்தவன் நோயை யார் காலில் ஒட்டிக்கொள்வார்கள்? எல்லாரும் தாண்டித்தான் போவார்கள் என்று நினைத்தேன்.

ஹான் எழுந்து போய், சக்கையில் இடது காலை வைத்தார். பிறகு வலது காலை. பின்னால் ஒருவர், அவர் பின்னால் இன்னொருவர். பேசிக்கொண்டே அழுத்தி மிதித்துவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் கொதிக்கும் பானைப் பக்கம் திரும்பி, ஆவி கண்ணில் பட்டுவிட்டது என்று முனகினார்.

கடைசியில் அக்காவும் வந்து குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

"உனக்காக இல்லடா. குணமாகலேன்னா நாளைக்கும் என் வாசல்லதானே வந்து கொட்டுவ?"

சொல்லிவிட்டு இன்னொரு மிதி மிதித்தாள்.