தாளில் ஒட்டாத கிழங்கு

1

இந்தக் கதை ஓர் அடைப்புக்குறியில் தொடங்கியது. ஒரு செடியை வேறு பேரினத்துக்கு மாற்றும்போது, முதலில் பெயர் வைத்தவரைத் தாவரவியலார் துரத்துவதில்லை. புதுப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் உட்கார வைக்கிறார்கள். பழைய நூலொன்றில் அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது: அவர் சொன்னதை நம்பி யாராவது தின்றிருந்தால்?

2

1966. இண்டூருக்கு மேல் மேகம் கறுத்து

(இல்லை. அந்த வருடம் மழையே இல்லை.)

அல்போன்ஸ் கல்லூரியில் தாவரவியல் சொல்லித் தருபவர். போன ஞாயிறு அக்கா ராஜமேரி ஒரு காட்டுக்கொடியைக் காட்டிக் கேட்டாள். நூலில் பெயரைத் தேடிப் பிடித்து, "கெழங்கு நல்லதுதான், தைரியமா தின்னுங்கக்கா" என்றார். (பெயரை நான் எழுத மாட்டேன். யாராவது தோண்டக் கிளம்புவார்கள்.)

இன்று காலை கல்லூரிக்குப் புது ஆய்விதழ் வந்தது. அந்த ஒரு பெயருக்குள் இரண்டு செடிகள் இருந்தனவாம். இப்போது பிரித்துவிட்டார்கள். ஒன்று உணவு, மற்றது நஞ்சு. இலையும் பூவும் ஒன்றேபோல். வித்தியாசம் கிழங்கின் தோலில்.

அந்த ஞாயிறு அவர் சேகரித்த கொடி தாளில் ஒட்டியபடி இருந்தது. இலை இருந்தது, பூ இருந்தது. கிழங்கு இல்லை. செடியைத் தட்டையாக்கிக் காயவைக்கும் அழுத்துபலகைக்குள் தடித்த கிழங்கு அடங்காது. எல்லோரையும்போல அவரும் அதை வெட்டி எறிந்திருந்தார்.

அக்கா ஊருக்குப் போகும் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது.

3

"பூசைக்குக் கூப்பிட்டா வர மாட்டே. கெழங்கு வாசத்துக்கு ஓடியாந்துட்டியா?" என்றாள் ராஜமேரி. பானை இறங்கியிருந்தது.

"தோலு எங்கக்கா?"

"அடுப்புல போட்டுட்டேன். எரிக்க வேற என்ன இருக்குது வூட்டுல?"

"உரிக்காதது ஒன்னாச்சும் மீதி இருக்குதா?"

"உன்னையும் சேத்து அஞ்சு வாய்க்கு மீதி வேற கேக்குதா உனக்கு?"

அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் கை கரண்டியிலேயே நின்றது.

"நீதானேடா நல்லதுன்னு சொன்னே?"

"நூல்ல அப்படித்தான் இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப மாத்திட்டாங்க."

4

இந்த இடத்தில் அல்போன்சை நான் நம்பவில்லை. பானையைக் கவிழ்க்காமல் ஏன் நிற்கிறார்?

கவிழ்க்க வைத்து எழுதிப் பார்த்தேன். அக்காவின் பிள்ளைகள் மூன்றும் மண்ணில் உட்கார்ந்து பொறுக்கின. அந்த வரியை அடித்துவிட்டேன். எல்லோரும் தின்று, ஒன்றும் ஆகாமல் சிரிப்பதாக எழுதினேன். அது பொய். ஒன்றும் ஆகாது என்று எனக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது முடிவை ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை: 'விடிந்தபோது கடைக்குட்டி

அவராகவே செய்தது இதுதான். தட்டை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எனக்கு மொதல்ல போடுங்கக்கா." தின்றார். உப்பு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

5

நஞ்சு வேலை காட்ட எத்தனை நேரமாகும் என்று அந்த ஆய்விதழில் இல்லை. பிள்ளைகள் காலித் தட்டோடு மாமன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு வியர்க்கிறது. பயத்தாலும் வியர்க்கும்.

"மாமா, இப்ப தின்னலாமா?" என்கிறது கடைக்குட்டி.

ராஜமேரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். நானும் பேனாவை வைத்துவிட்டேன். எடுப்பதானால் நீங்கள்தான் எடுக்க வேண்டும். பிள்ளைகள் நேற்றும் சாப்பிடவில்லை.