முறைத் தண்ணீர்

பக்கத்து நிலத்துச் சின்னசாமியின் மோட்டார் கொட்டகைப் பக்கம் டேங்கர் லாரி நிற்பதைப் பார்த்ததும் நந்தினி களைக்கொத்தைப் போட்டுவிட்டு வரப்பில் ஏறி நின்றாள். நாளைக்குப் பௌர்ணமி. பௌர்ணமி நெருங்கினாலே கிரிவலக் கூட்டத்துக்காக லாட்ஜுகளுக்கும் அன்னதானக் கொட்டகைகளுக்கும் தண்ணீர் தேடி லாரிகள் அடி அண்ணாமலை நிலங்களுக்குள் புகுந்து சுற்றும். வயலோரம் லாரி நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஊரில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தேக்கு மரங்களுக்கு இடையே லாரியின் பின்பக்கமும் தடித்த கறுப்புக் குழாயும் மட்டும் தெரிந்தன. குழாயின் மறுமுனை கொட்டகைக்குப் பின்னால் போய் மறைந்திருந்தது.

முறை வைக்கலாம் என்று போன மாதம் சொன்னவளே அவள்தான். இரண்டு வீட்டு போர்வெல்லும் பக்கத்தில் பக்கத்தில். கீழே இருப்பது ஒரே தண்ணீர். மோட்டாருக்குக் கரண்ட் இலவசம் என்பதால் ஓட்டுகிறவனுக்குச் செலவு இல்லை, நிறுத்துகிறவனுக்குத்தான் நஷ்டம். அதனால் இரண்டு வீட்டிலும் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டு வைத்திருந்தார்கள். கரண்ட் வந்த நொடியில் இரண்டு மோட்டாரும் தானாக ஓடும். மதியத்துக்குள் இரண்டும் காற்றைத் துப்பும். பொருளாதாரம் எம்.ஏ. படித்த நந்தினிக்கு இது பாடப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்து வாசலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒருநாள் நீங்கள், ஒருநாள் நாங்கள், மல்லாட்டைக் கடலை பிடுங்குகிற வரைக்கும் என்று சின்னசாமியிடமும் அவர் மனைவி சரோஜாவிடமும் போய்ச் சொன்னாள்.

"இத சொல்றதுக்கா ரெண்டு வருஷம் பீஸ் கட்டிப் படிச்ச?" என்று சிரித்தார் சின்னசாமி. மறுநாளே ஆட்டோவை அணைத்துவிட்டார்.

ஒன்றை மட்டும் அவள் சொல்லாமல் விட்டிருந்தாள். இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில், மற்றவன் வாக்கைக் காப்பாற்றும்போது மீறுகிறவனுக்குத்தான் லாபம் அதிகம். கட்டம் போட்டு வகுப்பில் படித்தது அது. சொன்னால் அவருக்கு யோசனை எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்திருந்தாள். இப்போது லாரியைப் பார்க்கையில், இதையெல்லாம் ஒருவருக்குப் படித்தா தெரிய வேண்டும் என்று தோன்றியது.

இன்றைக்கு அவர்கள் முறைதான். ஆனால் லாரி லாரியாக ஏற்றிவிட்டால் நாளை இவள் முறைக்கு என்ன மிஞ்சும்? செடிகள் பூத்து விழுது இறங்குகிற நேரம். இப்போது மண் காய்ந்தால் விழுது உள்ளே போய்க் காய் பிடிக்காது. பிடுங்கும்போது வெறும் கொடிதான் வரும். போன வருஷம் அப்படித்தான் வந்தது. இந்த வெள்ளாமையும் போனால் நிலத்தை மனை போட்டு விற்றுவிடுவதென்று அவள் கணவன் மணிவேல் முடிவாகச் சொல்லியிருந்தான். புரோக்கர் ஒருவன் இரண்டு தடவை வந்து அளந்து பார்த்துவிட்டும் போயிருந்தான்.

டவுனில் பைக் ஷோரூமில் வேலையில் இருந்த மணிவேலுக்குப் போன் போட்டாள். எதிரில் வாடிக்கையாளர் இருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"லாரி நிக்குதா? அப்புறம் இன்னா யோசனை? ஆட்டோவ போடு."

"இன்னிக்கு அவுங்க முறைங்க."

"முறை மல்லாட்டைக்குத்தான், லாரிக்கு இல்ல. நீ சும்மா இருந்தா தண்ணி நம்ம நெலத்துலயே தங்கிடுமா?"

அது அவள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியம். போனை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

ஆட்டோவைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்து மோட்டார் உறுமியது. வாய்க்காலில் தண்ணீர் ஓடி முதல் பாத்தியில் பாய்ந்தது. மடையைத் திருப்பும்போதெல்லாம் அவள் கண் தேக்கு மரங்களின் பக்கமே போனது. பாத்தி நிறைய நிறைய நிம்மதி வர வேண்டும், வரவில்லை. ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று பிடிபட வெகுநேரம் ஆயிற்று: அந்தப் பக்கம் மோட்டார் சத்தமே இல்லை.

மண்வெட்டியை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள்.

கொட்டகைக்குப் பின்னால் மாட்டுத் தொட்டி. கறுப்புக் குழாயின் வாய் அதற்குள் கிடந்தது. லாரியிலிருந்து தண்ணீர் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற சரோஜா இவளைக் கண்டதும் திருட்டில் அகப்பட்டவள் போல் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"முந்தாநேத்து எங்க போர்ல சேறா வந்துச்சும்மா. ரெண்டு நாளு ஊறட்டும்னு மாமா நிறுத்தி வெச்சுட்டாரு. மாடு கேக்குமா? நெலம் வெச்சிக்கினு தண்ணிய காசுக்கு வாங்குறோம்னு வெளிய சொல்லிடாத. அவுருக்கு ஒரே அவமானம்."

சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். மரங்களைத் தாண்டி நந்தினியின் மோட்டார் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

நந்தினி வாயைத் திறந்தாள். சரோஜா முந்திக்கொண்டாள்.

"ஆட்டோவ அணைக்க மறந்துட்டுப் போய்ட்டானா மணிவேலு?"

"ஆமா அத்தை."

"அதான பாத்தேன்" என்று சரோஜா தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் நம்பினாளா என்று முதுகைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. நந்தினி ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினாள். குழாய் இரண்டு தடவை இருமி, செம்மண் நிறத்தில் கொஞ்சம் கக்கிவிட்டு ஓய்ந்தது.

இரவு மணிவேலிடம் லாரி தண்ணீர் ஊற்றத்தான் வந்தது என்றாள். சரி விடு, நாளைக்கு நம்ம முறைதானே என்றான் அவன். சரோஜா கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் அவள் சொல்லவில்லை.

காலையில் கரண்ட் வரும் நேரத்துக்கு முன்பே கொட்டகைக்கு வந்தாள். ஆட்டோ அணைந்திருந்தது. கிரிவலப் பாதையில் கூட்டம் கூடத் தொடங்கிவிட்டது. ஒலிபெருக்கிப் பாட்டு காற்றில் விட்டுவிட்டுக் கேட்டது. இன்று இவள் முறை, ஓட்டலாம். ஆனால் ஓட்டினால் ஊறுவதற்காக அவர் விட்டு வைத்ததைத்தான் உறிஞ்ச வேண்டும். ஓட்டாவிட்டால், நேற்று நடந்ததற்குப் பிறகு, அவர் மட்டும் எதற்காகத் தன் மோட்டாரை ஓட்டாமல் சும்மா இருக்க வேண்டும்?

எதிரே, தேக்கு மரங்களின் இடைவெளியில், சின்னசாமி தன் கொட்டகை வாசலில் வந்து நின்றார். எப்போதும் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசுகிறவர். இன்று பேசவில்லை. அவருடைய வலது கை உள்ளே, ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும் சுவரின் பக்கம் நீண்டிருந்தது.

கரண்ட் வந்து பெட்டியில் சிறு விளக்குகள் எரிந்தன. அடுத்த நிலத்தில், அதற்கடுத்ததில், ஊர்ப்பக்கம் வரைக்கும் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து ஓடத் தொடங்கின. நந்தினி மோட்டாரை ஓட்டும் பச்சைப் பொத்தானின் மேல் விரலை வைத்தபடி அவர் கையையே பார்த்தாள். அவர் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.