ஷஹீன் பானு குடிக்காத ஐஸ் காபி

2017ஆம் வருஷம் மே மாதம் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, ஷஹீன் பானுவுக்காக ஹெலன் கலந்து வைத்த ஐஸ் காபி ஏழு வருஷம் உருகவில்லை. ஆம்பூரில் அன்றைக்கு வெயில் நூற்றெட்டு டிகிரி. அதே பாலில், அதே பாகில் தனக்கென்று ஹெலன் கலந்துகொண்ட காபி பத்தே நிமிஷத்தில் வெதுவெதுத்துப் போய்விட்டது. ஷஹீனின் கண்ணாடி டம்ளரில் மட்டும் ஐந்து கட்டிகளும் போட்டது போட்டபடி மிதந்தன. சாயங்காலம் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து திரும்பிய கணவர் ஜான்சன், "இன்னா ஹெலன், ஐஸு இன்னும் அப்படியே கீது" என்று கேட்டார். ஹெலன் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவர் தன் சூடான டீயைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

செய்முறையில் ஒரு குறையும் இல்லை. போனில் நாலு வீடியோ பார்த்து ஹெலன் கற்றுக்கொண்டதுதான். தண்ணீரில் ஐஸ் வைத்தால் காபி நீர்த்துப்போகும் என்று முந்தின நாள் சனிக்கிழமையே ஃபில்டரில் கெட்டி டிகாக்‌ஷன் இறக்கி, அதையே ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்தாள். கம்பெனியிலிருந்து வந்த கையோடு, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் செய்தாள். சர்க்கரைப் பாகில் எட்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டு ஆற வைத்தாள். மறுநாள் குளிர்ந்த பாலையும் பாகையும் மூடி போட்ட பாட்டிலில் ஊற்றி நுரை வரக் குலுக்கி, காபிக் கட்டிகளின் மேல் கவிழ்த்தாள். இவ்வளவு பாடும் ஒரு சமாதானத்துக்காக. வெள்ளிக்கிழமை நடந்ததற்கு.

ஷூ கம்பெனியில் ஊசி உடைந்தால் அதற்கு ஒரு சட்டம் உண்டு. உடைந்த எல்லாத் துண்டும் கிடைத்தாக வேண்டும். டேப்பில் ஒட்டி சூப்பர்வைசரிடம் கொடுத்தால், அவர் அதை நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு புது ஊசி தருவார். ஒரு முனை காணாமல் போனாலும் லைனை நிறுத்தி, தைத்தது அத்தனையையும் சோதிப்பார்கள். யாரோ ஒரு வெளிநாட்டுக் குழந்தையின் காலில் அது குத்திவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை மதியம் ஷஹீனின் மிஷினில் ஊசி உடைந்தது. இரண்டு துண்டையும் டேப்பில் ஒட்டி, லைன் சூப்பர்வைசரான ஹெலனிடம் கொடுத்தாள். கன்டெய்னர் கிளம்புகிற அவசரம். ஹெலன் டேப்பைத் தன் கோட்டுக் கையில் ஒட்டிக்கொண்டு நாலு மிஷின் சுற்றிவிட்டு வந்து பார்த்தபோது டேப்பில் ஒரு துண்டுதான் இருந்தது. மேனேஜர் கேட்டார். "அவ ஒண்ணுதான் சார் குடுத்தா" என்றாள் ஹெலன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு அது உண்மையாகவும் இருக்கலாமே என்று தோன்றியது. அப்படித் தோன்றுவது வசதியாகவும் இருந்தது. ஆயிரத்து நானூறு ஜோடியைப் பிரித்துப் பார்த்தார்கள். ஷஹீனின் பை, டிபன் பாக்ஸ், துப்பட்டா எல்லாவற்றையும் உதறினார்கள். சூப்பர்வைசரின் கோட்டை யாரும் சோதிக்கவில்லை. முனை கிடைக்கவில்லை, கன்டெய்னர் போகவில்லை, ஷஹீனைத் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். வேலை போனதைவிட லைனில் முந்நூறு பெண்களும் அவளைப் பொய்க்காரி என்று நம்பினார்களே, அதுதான் அவளைச் சுட்டது.

இருவர் வீடும் எதிரெதிரே. ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்து, ஒரே கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் பதிமூன்று வருஷம் போனவர்கள். கூப்பிட்ட மரியாதைக்கு ஷஹீன் வந்தாள், உட்கார்ந்தாள், டம்ளரைக் கையில் எடுத்தாள். குடிக்கும் முன் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் ரெண்டு துண்டும் குடுத்தேனா இல்லியா?"

"எனக்கு ஞாபகம் இல்ல ஷஹீன்" என்றாள் ஹெலன்.

ஷஹீன் டம்ளரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

முதல் வாரம் ஹெலன் டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கப் பார்த்தாள். மேலே மெல்லிய ஆடை மாதிரி குளிர் கட்டி நின்றது. சாய்த்தால் ஒரு சொட்டும் விழவில்லை. இரண்டாம் வாரம் தெரு வந்து பார்த்தது. மூன்றாம் வாரம் ஒரு டிவிக்காரர் வந்து படம் பிடித்தார். படத்தில் அது சாதாரண ஐஸ் காபியாகவே தெரிந்ததால் போடவில்லை. பிறகு ஊருக்கு அது பழகிப்போயிற்று. டம்ளரைச் சுற்றி ஒரு முழ தூரத்துக்குக் குளிர்ச்சி இருந்ததால், மின்வாரியம் மாதம் ஒரு முறை காலை முதல் மாலை வரை கரண்டை நிறுத்தும் நாட்களில் தெருவே அதன் பக்கத்தில் பொருளைக் கொண்டுவந்து வைத்தது. பால் பாக்கெட், கல்யாண வீட்டு மல்லிகை, கம்பெனி ஃபிட்டர் தமிழ்வேந்தனுடைய அம்மாவின் இன்சுலின். 2019இல் ஆம்பூரை வேலூர் மாவட்டத்திலிருந்து பிரித்துத் திருப்பத்தூரில் சேர்த்தார்கள். மறு வருஷம் ஊரடங்கு வந்து போனது. ஹெலன் ஃப்ளோர் இன்சார்ஜ் ஆனாள். ஷஹீன் வீட்டிலேயே மிஷின் போட்டு, ஜோடிக்கு இவ்வளவு கூலி என்று ஜாப் ஒர்க் தைத்தாள். டம்ளரில் கட்டிகள் ஐந்தும் அப்படியே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஹெலன் ஐஸ் காபி போட்டாள். நன்னாரி போட்டுப் பார்த்தாள், சுக்கு போட்டுப் பார்த்தாள், வெண்ணிலா எசன்ஸ், ஜாதிக்காய், கருப்பட்டி, ஒரு ரம்ஜான் மாதம் ரோஸ் சிரப்கூட. ஒவ்வொரு முறையும் இரண்டு டம்ளர். ஒன்றைப் பழையதின் பக்கத்தில் வைத்துவிட்டு எதிர் வீட்டு ஜன்னலைப் பார்ப்பாள். மிஷின் ஓடும் சத்தம் கேட்கும். புது டம்ளர் ஊரில் எல்லார் வீட்டு ஐஸையும் போல உருகி வழியும். ஜான்சன் அதைக் குடித்துவிட்டு, போன வாரம் தேவலை என்பார். எல்லா வாரமும் அதையேதான் சொன்னார். ஹெலனுக்குத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று தெரியாமலில்லை. வேண்டியது வேறு காபி அல்ல, வேறு பதில். அது மட்டும் வாயில் வரவில்லை. வந்தால் இன்சார்ஜ் என்கிற பேரும், ஏழு வருஷம் தலை நிமிர்ந்து லைனில் நடந்ததும் எல்லாம் பொய்யாகிவிடும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மே மாதம் ஒரு சனிக்கிழமை கரண்ட் இல்லை. தமிழ்வேந்தன் இன்சுலினை வைக்க வந்தான். பேட்டரி மாற்றுவதற்காகக் கம்பெனியில் ஊசித் துண்டு தேடும் டிடெக்டரைப் பையில் போட்டு எடுத்துவந்திருந்தான். குனிந்ததும் அது கத்தியது. நகர்ந்தான், நின்றது. மறுபடி கிட்டே போனான், கத்தியது.

"அக்கா, உள்ள ஸ்பூன் எதுனா கீதா?" என்று கேட்டான்.

"ஆமா" என்றாள் ஹெலன். அவன் போன பிறகு தரையில் உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றாமல் டிகாக்‌ஷன் ஊற்றியது ஞாபகம் வந்தது. அத்தனை பேர் தேடிய முனை அவள் கோட்டுக் கையோடு வீட்டுக்கு வந்து, டிரேயில் விழுந்து, காபியோடு காபியாக உறைந்து, யார் மேல் பழி விழுந்ததோ அவள் டம்ளரிலேயே ஏழு வருஷமாக மிதந்துகொண்டிருக்கிறது. நல்லவேளை அவள் அதைக் குடிக்கவில்லை என்று நினைத்ததும் அழுகை வந்தது.

ஞாயிறு பகல் டம்ளரைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். ஷஹீன் மிஷினை நிறுத்தவில்லை. தையல் சத்தத்துக்கு மேலே ஹெலன் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் ஷஹீன் காலை மிதியிலிருந்து எடுத்தாள்.

"இத்த எனக்கு எதுக்குச் சொல்ற? நான் குடுத்தது எனக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு."

டம்ளரை அவள் தொடவில்லை. கட்டிகளும் அசையவில்லை.

திங்கட்கிழமை காலை ஹெலன் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். அவளை ஒட்டி உட்கார்ந்தவர்கள் குளிருக்குத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். கேட்டில் செக்யூரிட்டி மீனாம்பாள் கையை நீட்டித் தடுத்தாள். "கண்ணாடி உள்ள எடுத்துனு போகக் கூடாது மேடம். நீங்கதானே போர்டு மாட்டுனீங்க."

"தெரியும். உன் டிடெக்டரை இதுமேல காட்டு."

மீனாம்பாள் காட்டினாள். அது கத்திய கத்தலில் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஹெலன் குரலை உயர்த்திப் பேசிப் பழக்கப்பட்டவள். "ஷஹீன் பானு ரெண்டு துண்டும் குடுத்தா. ஒண்ண நான் தொலைச்சிட்டேன். குடுக்கலன்னு பொய் சொன்னேன். அவ பொய்க்காரி இல்ல, நான்தான்" என்றாள். நின்றவர்களில் பாதிப் பேர் புதுப் பெண்கள். யார் ஷஹீன் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். பழைய ஆட்கள் நாற்பத்தோரு பேர் இருந்தார்கள். அந்த நாற்பத்தோரு பேர் போதும். சாப்பாட்டு பெல் அடிப்பதற்குள் விஷயம் பேரணாம்பட்டுவரை போய்விட்டது. மூன்று மணிக்கு மேனேஜர் ஹெலனைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து மிஷினில் உட்காரச் சொன்னார். மீனாம்பாளின் மேஜையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு ஹெலன் திரும்பினாள். மாதனூர் தாண்டும்போது மடி ஈரமாக இருந்தது. டம்ளர் வெளியே வியர்த்திருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஷஹீன் தெருவைக் கடந்து வந்தாள். கையில் டீ வடிகட்டி. ஜான்சன் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். கட்டிகள் முழுக்க உருகியிருந்தன. ஷஹீன் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கி, காபியை மெதுவாக வடிகட்டினாள். கடைசியில் வலையில் ஊசி முனை தங்கியது. துருப் பிடிக்கவில்லை. அதை விரல் நுனியில் ஒற்றியெடுத்து, ஒரு டேப் கிழித்து ஒட்டி, ஹெலனின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். பிறகு உட்கார்ந்து, ஏழு வருஷத்துக் காபியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். ஹெலன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலக்காய் ஜாஸ்தி" என்றாள் ஷஹீன்.

"அடுத்த வாரம் கம்மி பண்றேன்" என்றாள் ஹெலன்.

அடுத்த வாரம் நாலு ஏலக்காய்தான் போட்டாள். அந்த வாரக் கட்டிகள் பதினொரு நிமிஷத்தில் உருகின. அதைப் பார்க்கத் தெருவில் யாரும் வரவில்லை. அம்மாவின் இன்சுலினுக்காகத் தமிழ்வேந்தன், கரண்ட் போனாலும் குளிர் தாங்குகிற ஒரு சின்ன ஃபிரிட்ஜ் தவணையில் வாங்கிவிட்டான்.