கேப்டன் துருவன் பிடித்த கை

கவியரசனை எனக்கு முன்னே பின்னே தெரியாது. ஆனாலும் அந்த ஆளின் மானத்தை நாலு பேர் நடுவில் வாங்கியே தீர வேண்டும் என்று இரண்டு மாதமாக எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

தொண்ணூறுகளில் டிவியில் ‘நட்சத்திரக் காவல்’ என்று ஒரு தொடர் வந்தது. தகரத்துக்கு வெள்ளி பெயிண்ட் அடித்த விண்கலம், அதற்குக் கேப்டன் துருவன். துருவனாக நடித்தவர்தான் கவியரசன். அதில் ஒரே ஒரு வாரம், வேற்றுக் கிரகத்து இளவரசி மித்ராவாக முகமெல்லாம் பச்சைப் பெயிண்டோடு வந்து போனவள் நான், செந்தமிழ்ச்செல்வி. அதோடு நடிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டேன். சங்கராபுரத்தில் மைக் செட் கடை வைத்திருக்கும் ஆதிமூலத்தைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிறேன்.

போன வருடம் யாரோ ஒரு புண்ணியவான் பழைய கேசட்டைத் தேடியெடுத்து அந்தத் தொடரை யூடியூபில் ஏற்றினான். கேப்டனும் இளவரசியும் அருவிக்கரையில் பிரிகிற காட்சி மட்டும் தனியாகக் கிளம்பி ஊர் ஊராகச் சுற்றியது. ‘இந்தக் கெமிஸ்ட்ரி இப்ப யாருக்குய்யா வருது’ என்று உருகினார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், மறைப்பானேன்.

கவியரசன் அத்தோடு விட்டாரா? படமில்லாமல் கிடந்த மனிதருக்கு வாழ்வு வந்துவிட்டது. ஒரு பேட்டியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “அது நடிப்பே இல்லைங்க. அந்தப் பொண்ணு நிஜமாவே எம்மேல உயிரா இருந்துச்சு. ஷூட்டிங் முடிஞ்ச அன்னைக்கு என் ரூம் வாசல்ல நின்னு ஒரே அழுகை. நான்தான் புத்தி சொல்லி அனுப்பி வச்சேன்.” சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு.

அப்போதுதான் என் மகள் சுபஸ்ரீக்குத் திருக்கோவிலூரிலிருந்து வந்து, புடவை கொடுத்துப் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை அருள்மொழி. அவன் அம்மா தைலம்மாள் போன் செய்தாள்.

“இன்னா அவசரம் சம்பந்தி? கல்யாணத்த கொஞ்சம் ஆறப் போடலாம். எங்க சொந்தக்காரங்க எல்லாம் அந்த வீடியோவதான் பாத்துக்கினு இருக்காங்க.”

“அந்தாள நான் நேர்ல பாத்ததே இல்லங்க” என்றேன்.

“கையப் புடிச்சிக்கினு நிக்கிறீங்களே, எங்க கண்ணு பொய்யா?” என்று வைத்துவிட்டாள்.

நான் சொன்னது சத்தியம். வேற்றுக் கிரகத்துக்காகக் கல்வராயன் மலையைத்தான் பிடித்திருந்தார்கள். சென்னையிலிருந்து வரவேண்டிய நடிகை வரவில்லை. வெள்ளிமலையில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்த என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். கேப்டனோ மலைப்பாதையில் இரண்டு வளைவு ஏறுவதற்குள் வாந்தி எடுத்து, அப்படியே வண்டியைத் திருப்பிச் சென்னைக்குப் போய்விட்டார். நட்சத்திரத்துக்கெல்லாம் போய் வந்த ஆளுக்கு வெள்ளிமலை ஏற முடியவில்லை.

அதனால் படப்பிடிப்பு நின்றுவிடவில்லை. லைட் பிடிக்க வந்தவருக்குக் கேப்டன் கோட்டை மாட்டி, கேமராவுக்கு முதுகைக் காட்டி என் எதிரில் நிறுத்தினார்கள். இந்த ஏற்பாடு சினிமாவில் தினமும் நடப்பதுதான். கவியரசனின் முகத்தைப் பிறகு சென்னையில் ஒரு ஷெட்டில் எடுத்து இடையில் ஒட்டிக்கொண்டார்கள். பனிமூட்டத்துக்காகப் போட்ட சாம்பிராணிப் புகையில் என் கண் கலங்கியது பாதி. எதிரில் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு, என் கையைப் பிடிக்கக் கூச்சப்பட்டு நின்ற அந்த லைட்காரரைப் பார்த்துக் கலங்கியது மீதி. அடுத்த தையில் அவரையே கட்டிக்கொண்டேன்.

இதை யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். பெண்டாட்டியைக் காப்பாற்ற ஆதிமூலம் கதை கட்டுகிறான் என்று டீக்கடையில் பேசினார்களாம். அவர் அங்கே டீ குடிக்கப் போவதையே நிறுத்திவிட்டார். சுபஸ்ரீ போனும் கையுமாகவே இருந்தாள். அருள்மொழி ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில் கள்ளக்குறிச்சியில் புதுத் துணிக்கடை ஒன்றின் திறப்பு விழாவுக்குக் கவியரசனை அழைத்தார்கள். பக்கத்து மண்டபத்தில் பாராட்டு, கேப்டனும் இளவரசியும் ஒரே மேடையில் என்று போஸ்டரே அடித்துவிட்டு என்னிடம் வந்து கேட்டார்கள். மைக் செட்டும் பெரிய திரையும் எங்கள் கடையுடையதுதான். முடியாது என்று சொல்ல வாயெடுத்து, சரி என்றேன். மேடையில் வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் நாலு கேள்வி கேட்கலாமே!

விழாவுக்கு முன்தினம் மதியம் ஆதிமூலம் மண்டபத்தில் திரையைக் கட்டி அந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்தார். திடீரென்று, “செல்வி, இங்க வா, இத பாரு” என்று கத்தினார். பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உடனே தைலம்மாளுக்குப் போன் போட்டு, “குடும்பத்தோட வாங்க, முன்வரிசையில இடம் போட்டு வச்சிருக்கேன்” என்றேன்.

காலையில் மண்டபம் நிரம்பி வழிந்தது. கவியரசன் தலைமுடிக்குக் கறுப்புச் சாயம் பூசி, கேப்டன் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். மேடையேறும் இடத்தில் நின்ற என்னைக் கடந்துபோய், தொகுப்பாளினியிடம், “இளவரசி வந்தாச்சாம்மா?” என்று கேட்டார். அவள் என்னைக் காட்டியதும் முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு என் காதருகில் குனிந்தார். “கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா. வெப்சீரிஸ் ஒண்ணு பேச்சுவார்த்தையில இருக்கு. ரெண்டு பேருக்கும் நல்லது.”

“சொல்லிக் குடுங்க சார், அப்படியே செய்றேன்” என்றேன். வயிற்றெரிச்சலை விழுங்கிக்கொண்டு இனிக்க இனிக்கத்தான் சொன்னேன்.

மேடையில் மைக்கை வாங்கி அவரிடமே கேட்டேன். “சார், அன்னைக்கு அருவிக்கரையில எப்படி நின்னோம், எனக்கு மறந்துபோச்சு. நீங்களே சொல்லுங்க.”

“மறக்குமா? நேருக்கு நேர், மூச்சு படுற தூரத்துல” என்றார். கூட்டம் விசிலடித்தது.

“என் கையப் புடிச்சது?”

“இதோ, இந்தக் கைதான்.” வலக்கையை உயர்த்திக் காட்டினார். “உங்க கை நடுங்கிச்சு. அந்த நடுக்கம் இன்னும் என் கையில இருக்கு.”

“எல்லாரும் பாக்கட்டும், கோட்டுக் கைய மடிச்சு விடுங்க சார்” என்றேன். கைதட்டலில் மயங்கிய மனிதர் முழங்கை வரைக்கும் மடித்துவிட்டு நின்றார். நான் ஆதிமூலத்துக்குக் கண் காட்டினேன்.

திரையில் காட்சி ஓடி, கேப்டன் என் கையைப் பிடிக்கிற இடத்தில் நின்றது. கவியரசன் அளவுக்குத் தைத்த கோட்டு, உயரமான லைட்காரருக்கு எட்டாமல் மணிக்கட்டுக்கு மேலே ஏறியிருந்தது. போனில் கறையாகத் தெரிந்தது, இவ்வளவு பெரிய திரையில் பளிச்சென்று தெரிந்தது. பச்சை குத்திய தேள், கொடுக்கு, கால் எல்லாமே.

“கேப்டன் கையில தேளு எங்க?” என்று முன்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் கேட்டாள். கவியரசன் தன் வெறுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆதிமூலம் மேடையேறி வந்து, சட்டைக் கையை மடித்துத் திரைக்குப் பக்கத்தில் கையை நீட்டினார். தோல் சுருங்கியிருந்தது. தேள் அப்படியே இருந்தது.

“அன்னைக்கு நான் பாத்து அழுதது இவர” என்றேன் மைக்கில். “இந்த கவியரசன் சார நான் மொத மொத பாக்கறது இன்னிக்குத்தான். மலையேற முடியாம வாந்தியெடுத்துக்கினு திரும்பிப் போனவரு, எம்மேல பழி போட்டு எம்பொண்ணு கல்யாணத்த நிறுத்திட்டாரு. எந்த ரூம் வாசல்ல சார் நான் அழுதேன்? இப்ப சொல்லுங்க.”

மண்டபம் சிரித்த சிரிப்பில் கூரை பிய்ந்துகொண்டு போகாததுதான் குறை. ஆளாளுக்குப் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தார்கள். “கட் பண்ணுங்க, கட் பண்ணுங்க” என்று கெஞ்சினார் கவியரசன். எவனும் கட் பண்ணவில்லை. பின்பக்க வழியாக அவர் ஓடியதைப் பார்த்தபோது இரண்டு மாதம் கழித்து எனக்குப் பசித்தது.

கீழே இறங்கியதும் தைலம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. “எனக்கு அப்பவே தெரியும் சம்பந்தி. இந்த மாசத்துலயே தேதி குறிச்சிடலாங்க.” அருள்மொழி அவள் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

நான் ஜெயித்துவிட்ட நினைப்பில் சுபஸ்ரீயைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அருள்மொழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தாளு பொய் சொன்னாரு, அதனால தொரத்துனோம்” என்றாள். “எங்கம்மாவ ஊரே பேசிக்கினு இருந்தப்போ நீங்க இன்னா சொன்னீங்க?”

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். சுபஸ்ரீ என் பக்கம் திரும்பி, “வாம்மா, போலாம்” என்றாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே நானும் அவளும் திருக்கோவிலூர் போய், பூ வைத்த புடவையை அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தோம்.