போர்வையின் மறுமுனை

சலவைக் கடையின் பின்கட்டில், நனைந்து கனத்த போர்வையின் ஒரு முனையைக் கடைக்காரரும் மறுமுனையை அவர் மனைவியும் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்கள். மெஷினில் அடங்காத போர்வைகளை இப்படித்தான் பிழிய வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் முறுக்கினால் தண்ணீர் கொட்டும். இப்போதெல்லாம் கணவர் முறுக்கி ஓய்ந்த பிறகுதான் மனைவியின் கை முறுக்கத் தொடங்கியது. போர்வை அங்குமிங்கும் சுழன்றதே தவிர, தண்ணீர் இறங்கவில்லை.

"தூங்கி வழியாதே! போர்வையைக் கேட்டு விடுதிக்காரர் போன் போட்டு உயிரை எடுக்கிறாரு."

"மூச்சு வாங்குதுங்க. கொஞ்சம் இருங்க."

"வேலைன்னா மட்டும் மூச்சு வாங்கும். உங்க அக்காகிட்ட போன்ல பேசுறப்ப வாங்காதே!"

பல மாதங்களாக இதே நகைச்சுவைதான். சிரித்தவரும் அவர் ஒருவரே. மூச்சு வாங்கத் தொடங்கியபோதே ஈசிஜி எடுத்த டாக்டர், எக்கோ என்கிற இதய ஸ்கேனும் எடுக்கும்படி சொல்லியிருந்தார். "கையில இருக்கிற ஆர்டர் முடியட்டும்" என்று கடைக்காரர் தட்டிக் கழித்தார். ஆர்டர் முடிகிற கடையா அது?

அன்று மனைவி போர்வையைப் பிடித்தபடியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. கடைக்காரர் ஆட்டோ பிடித்து அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

மாரடைப்போ என்று சந்தேகப்பட்டு அங்கே இதயத்தின் ரத்தக்குழாய்களைப் பார்த்தார்கள். அடைப்பு இல்லை. பிறகு எக்கோ எடுத்தார்கள். டாக்டரம்மா திரையைக் காட்டினார்.

"இதயத்தோட நடுச்சுவர் வெடுக்குன்னு முந்திக்கிட்டு சுருங்குது, பாருங்க. அது ஓய்ஞ்ச பிறகுதான் இந்த வெளிச்சுவர் சுருங்குது. அப்போ நடுச்சுவர் பின்னால தள்ளிப் போகுது."

"வெளிச்சுவர் கெட்டுப்போச்சா டாக்டர்?"

"இல்ல. இதயத்துல ஓடுற மின்சாரத்துக்கு இடப்பக்கம் போற பாதை அடைபட்டிருக்கு. 'சுருங்கு'ங்கிற செய்தியே அந்தச் சுவருக்கு லேட்டா போகுது. ரெண்டும் சேர்ந்து அழுத்தாததால ரத்தம் முழுசா வெளியேறல. இதயமும் பெருத்துடுச்சு."

கடைக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் இறங்காத போர்வையை மாதக்கணக்கில் கையில் பிடித்திருந்தவர் அவர். அவமானமாக இருந்தது.

"பிழைச்சிடுவாளா?"

"மாத்திரை ஆரம்பிப்போம். அதுல தேறலைன்னா, ரெண்டு சுவரும் ஒண்ணா துடிக்க ஒரு கருவி பொருத்தலாம். முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணும்."

மனைவியின் படுக்கையருகே கடைக்காரர் உட்கார்ந்ததும் போன் அடித்தது. விடுதிக்காரரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "போர்வை எங்கய்யா? புருஷனும் பொண்டாட்டியும் சோம்பேறி ஆயிட்டீங்களா?"

"சோம்பேறித்தனம் இல்ல சார். மூச்சு வாங்குதுன்னு ஒருத்தர் சொன்னா அது சாக்கு இல்ல, நோய். கிண்டல் பண்ணாம உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். எனக்கு அது லேட்டாத்தான் புரிஞ்சுது. போர்வைய வேற கடைக்குக் கொடுத்துக்கோங்க."

மனைவி மெல்லக் கண்ணைத் திறந்தார். "இதை அவர்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? என்கிட்ட சொல்லுங்க."

அவர் போனை வைத்துவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்து, அதையே மறுபடியும் சொன்னார்.