மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதக் காரணம் பயம், வேறொன்றுமில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வித்துராவுக்கு மேலே, மஞ்சு மூடிய மலையில், வெள்ளைக்காரர்கள் கட்டிய தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி பாழடைந்து..." சே, சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.

2

ஆனால் ஆஸ்பத்திரி இருக்கிறது. கூரை போய்விட்டது, வார்டுக்குள் ஆலங்கன்று முளைத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து படமெடுக்கிறார்கள். என் மாமியார் சுசீலாபாய் பிறந்தது அங்கேதான். அவர் சொல்லும் சரித்திரம் இது: காய்ச்சல் பரவிய காலத்தில் பொழுது சாய்ந்ததும் கம்பவுண்டர் வாசலில் நின்று பெயர் கூப்பிடுவாராம். குரல் கொடுத்தவர்கள் உள்வார்டுக்குப் போனார்கள், திரும்பவில்லை. கடைசியில் கம்பவுண்டரும் செத்தார். கூப்பிடும் சத்தம் மட்டும் நிற்கவில்லையாம்; ஆனால் இரண்டு தடவைக்கு மேல் அது கூப்பிடாதாம். அதனால் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் ஒரு வழக்கம் வந்தது: விளக்கு வைக்கும் நேரத்தில் முகம் தெரியாமல் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைதான் பதில்.

(அடிக்குறிப்பு: ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான். சாயங்காலம் ஒரு காபிக்கு என் மனைவி ரேஷ்மியை மூன்று தடவை கத்திக் கூப்பிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து!)

3

போன ஞாயிறு ரேஷ்மியோடு அங்கே போனேன்.

"என்னைய வெச்சு கதை எழுதிக்கோங்க. ஆனா கொன்னுடப்படாது, கேட்டோ," என்று சிரித்தாள்.

[இந்தச் சிரிப்பை எடுத்துவிடலாமா? இருக்கட்டும்.]

பொழுது சாய்ந்தது. உள்வார்டைப் பார்க்க அவள் மட்டும் போனாள். பனிமஞ்சு இறங்கி வாசலை மறைத்தது.

"சாரே, கேட் பூட்டணும். சேச்சிய விளிங்க," என்றான் காவலாளி ஷிபு.

"ரேஷ்மி!" என்றேன்.

"இதா, வந்துட்டேன்."

வந்தாள். அப்பாடா என்றிருந்தது. ஊர் திரும்பி, கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் உறைத்தது: நான் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டேன்.

4

முடிவு ஒன்று: அவசரத்தில் வழக்கத்தை மறந்துவிட்டாள். நல்ல முடிவுதான். ஆனால் அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் முதல் தடவையிலேயே பதில் வருகிறது.

முடிவு இரண்டு: உள்வார்டில் இன்னும் ஒருத்தி, மீதி இரண்டு தடவைக்காகக் காத்துக்கொண்டு... இல்லை, இதை எழுத மாட்டேன். கொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

5

விளக்கு வைத்தாயிற்று. அடுக்களையில் டம்ளர் சத்தம் கேட்கிறது. நான் கூப்பிடப் போவதில்லை. நீங்கள் கூப்பிடுங்கள், ஒரே ஒரு தடவை.

பதில் வராவிட்டால் அவள் என் மனைவி.