அவைக்குறிப்பில் ஓர் அடைப்புக்குறி

1

இந்தக் கதை ஓர் அடைப்புக்குறியில் தொடங்கியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் உத்தி என்பீர்கள்.

நான் சட்டமன்றத்தில் பதிவாளன். உறுப்பினர்கள் பேசுவதைச் சொல் விடாமல் தட்டச்சு செய்வது என் வேலை. அவர்கள் பேச்சில் வராததை அடைப்புக்குறிக்குள் போடுவோம்: (குறுக்கீடு), (மேசை தட்டும் ஒலி), (வெளிநடப்பு). எதைப் போடுவதென்று யாரும் சொல்வதில்லை. அரசாங்கம் என்னை நம்பி ஒப்படைத்திருக்கும் இலக்கியச் சுதந்திரம் அவ்வளவுதான்.

போன ஆண்டு மருந்து விலைக் குறைப்பு மசோதா விவாதத்துக்கு வந்தது. கதவுப் பக்கம் உட்காரும் ஆளுங்கட்சியின் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "மாத்திரை விலை ஜாஸ்தின்னா பாதி போடுங்க, பாதி வியாதியாவது போகும்" என்றார். நான் (சிரிப்பு) என்று தட்டினேன். சரியான பதிவுதான். அந்தச் சிரிப்பில் என்னுடையதும் இருந்தது.

மசோதா ஒத்திவைக்கப்பட்டது. அந்த மாதங்களில் என் மனைவி தன் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாது. அவள் போன பிறகு அலமாரியைத் திறந்தேன். எப்போதோ தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் பதினான்கு மாத்திரைகள் இருந்தன.*

* தினமும் போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று மருத்துவரிடம் கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாதுங்க" என்றார். கதை எழுதுபவனுக்கு இந்தப் பதில் எதற்கும் உதவாது. கணவனுக்கும்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

அன்று காலை வானம் (வானத்தை நான் பார்க்கவில்லை. பதிவாளர் இருக்கைக்கு அருகே ஜன்னல் கிடையாது.)

அவள் சிரித்தால் (உவமை அகப்படவில்லை. அரை மணி நேரம் தேடினேன்.)

மாண்புமிகு மனைவி அவர்களே (பழக்கதோஷம்.)

அவளைப் பாத்திரமாக்குவதிலும் சிக்கல். முதல் வரைவில் அவள் ஒரு வார்த்தை பேசாமல் தியாகம் செய்தாள். அது யாரோ ஒருத்தி. என் மனைவி பேசாமல் எதையும் செய்ததில்லை, வெங்காயம் உரிப்பது உட்பட.

"ஊரார் பேச்சையெல்லாம் எழுதுறீங்க, நான் பேசுறது மட்டும் காதுல விழாது" என்பாள்.

"விழுது."

"அப்ப நான் கடைசியா என்ன சொன்னேன், சொல்லுங்க."

சொல் விடாமல் ஒப்பிப்பேன்.

"இதுக்கு நீங்க கேக்காமலே இருந்திருக்கலாம்" என்பாள்.

மாத்திரை இருக்கிறதா என்று மாதாமாதம் கேட்பேன். "இருக்கு" என்பாள். அதையும் சொல் விடாமல் பதிந்துகொண்டேன்.

3

இந்த வாரத்துக்கு வருகிறேன். அவையில் பன்னிரண்டு நாளாக ஒரே சண்டை. மருந்து விலையைக் குறைத்தால்தான் அரசின் நிதி ஒதுக்கீட்டுக்குக் கை தூக்குவோம் என்கிறது ஜன்னல் பக்கத்துக் கட்சி. முதலில் நிதி, விலையைப் பிறகு பார்க்கலாம் என்கிறது கதவுப் பக்கத்துக் கட்சி. ஐந்து ஆண்டுகளுக்கு முன் இடம் மாறி உட்கார்ந்திருந்தபோது வசனங்களும் இடம் மாறியிருந்தன. என் பழைய கோப்பில் பெயர்களை மட்டும் மாற்றினால் இன்றைய குறிப்பு தயார். செய்யவில்லை. சோம்பேறி என்றாலும் நேர்மையானவன்.

பதிவாளர்கள் நாங்கள் பத்து நிமிடத்துக்கு ஒருவராக மாறி மாறி உட்காருவோம். பன்னிரண்டாம் நாள், என் பத்து நிமிடத்தில் ஜன்னல் பக்க உறுப்பினர் எழுந்தார்.

"இதோ, நம்ம பேச்ச எழுதிட்டு உக்காந்திருக்காரே, இவரோட மனைவி மருந்து வாங்க முடியாம செத்துப்போனாங்க. ரெண்டு பிள்ளைங்க தாயில்லாம நிக்குது."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த இரண்டு பேரையும் பிழையில்லாமல் தட்டினேன்.

"பொணத்த வச்சு அரசியல் பண்ணாதீங்க" என்றது கதவுப் பக்கம்.

அவைத்தலைவர் எழுந்து, "அவைப் பணியாளரைப் பற்றிய வாக்கியங்கள் குறிப்பிலிருந்து நீக்கப்படுகின்றன" என்றார். அதையும் தட்டினேன்.

ஆக, அரசாங்கப் புத்தகத்தில் அவள் இருந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நீக்க வேண்டிய கையும் என்னுடையதே. (இந்த வரியில் சோகம் கொஞ்சம் தூக்கல். திருத்தும்போது பார்த்துக்கொள்ளலாம்.)

4

மாலையில் மச்சினி வந்தாள். மனைவியின் தங்கை. விவாதத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறாள்.

"அந்த உறுப்பினருக்கு எழுதினது நீயா?"

"நான்தான் மாமா. மூணு லெட்டர்."

"ரெண்டு பிள்ளை எங்கேருந்து வந்துது?"

"பிள்ளைங்க இல்லாத வீட்டுக்கு யாரு மாமா பரிதாபப்படுவா?"

"உங்கக்கா கேட்டிருந்தா..."

"'இருக்கிற ஒரு ஆளையே மேய்க்க முடியல, இதுல ரெண்டா'ன்னு சிரிச்சிருப்பா." மூக்கை உறிஞ்சினாள். "அந்த வரிய எடுத்துடாதீங்க மாமா. பொய்யோ நிஜமோ, அக்காவப் பத்தி ஒரு எடத்துல இருக்கட்டும்."

மறுநாள் காலை தலைமைப் பதிவாளர் என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா எடுத்துடு. மூணு மணிக்கு அச்சுக்குப் போகுது."

"சரி சார்."

"இன்னொண்ணு. அந்த உறுப்பினர் பேசி முடிச்ச எடத்துல நீ அடைப்புக்குறி போடல."

பார்த்தேன். போடவில்லை. ஒன்பது ஆண்டுகளில் முதல் தவறு.

"அவையில அப்ப என்ன சத்தம்?"

"ஞாபகமில்ல சார்."

"அங்கதானப்பா உக்காந்திருந்தே? ஒலிப்பதிவு இருக்கு. கேட்டுப் போட்டுடு."

5

(நீக்கப்பட்டது. ஒரு கனவு. நன்றாக வரவில்லை.)

6

முடிவுகள், மூன்று.

அ. பதிவாளன் ஆணையை மீறி வரியை விட்டுவைக்கிறான். மறுநாள் நாடே வாசிக்கிறது, மசோதா நிறைவேறுகிறது. (அவைக்குறிப்பை வாசிக்கும் நாடு ஒன்று இருந்தால் முகவரி அனுப்புங்கள்.)

ஆ. வரியை விட்டுவைத்து, பிள்ளைகளை மட்டும் எடுத்துவிடுகிறான். உண்மை காக்கப்படுகிறது. ஆனால் உறுப்பினர் சொன்னதைத் திருத்துவது என் தொழிலில் கொலைக்கு அடுத்த குற்றம். மேலும், அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒட்டுதல் வந்துவிட்டது. பெரியவள் அம்மாவைப் போலவே வாயாடி.

இ. நீக்கிவிடுகிறான்.

நீக்கிவிட்டேன். இரண்டு மணிக்கே. மச்சினியிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்; கதை எழுதுவதில் இப்படி ஒரு கோழைத்தனத்துக்கு வசதி இருக்கிறது.

7

அடைப்புக்குறி மிச்சம். இப்போது மூன்றாக இருபது நிமிடம். காதுக்கருவி மேசை மேல் இருக்கிறது. ஒலிப்பதிவை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியும் வைத்திருக்கிறேன்.

அவை ஒரு நொடி அமைதியாக இருந்திருக்கலாம். மேசை தட்டியிருக்கலாம். யாரேனும் சிரித்திருக்கலாம், கதவுப் பக்கத்திலிருந்து எப்போதும் ஒருவர் சிரிப்பார். போன ஆண்டு நானே சிரித்தேன், யார் மாத்திரையைப் பற்றிய சிரிப்பென்று தெரியாமல். அவள் செத்ததற்கு அவை என்ன செய்ததென்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. இந்தக் கதையை எழுதத் தொடங்கியதே காதுக்கருவியை மாட்டாமல் இருப்பதற்காகத்தான்.

நீங்கள் கேளுங்கள். என்னைவிட நன்றாகக் கேட்பவராக இருப்பீர்கள். அது பெரிய விஷயமில்லை. கேட்டதை அப்படியே போடுங்கள். சிரிப்பு என்றால் சிரிப்பு. எனக்காக மாற்ற வேண்டாம்.

மாண்புமிகு உறுப்பினர்: . . . . . . . . . . (அவைத்தலைவர் ஆணைப்படி நீக்கப்பட்டது)

(                              )